ஆலங்கம்பத்தில் கொட்டிய பனி

எங்கள் தோட்டத்துப் பெயர்ப்பலகையில் ஆல்டர்கோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எங்கள் வாய்க்கு அது ஆலங்கம்பம். கம்பம் என்றால் இங்கே மலாய் மொழியில் கிராமம். ஆலமரம்தான் ஒன்றுகூடக் கிடையாது, சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பாடாங் செராய் பட்டணத்துக்குப் போகும் பள்ளி வேனில் யாராவது அந்த ஆங்கிலப் பெயரைச் சொன்னால், பெரிய பீத்தல் என்று கேலி செய்வோம்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, அவரவர் வசிக்கும் இடத்தின் வரலாற்றையும் நில அமைப்பையும் எழுதி வரச் சொன்னார் டீச்சர். நானோ எதிலும் முதலாவதாக வரவேண்டும் என்று குதிக்கிற ரகம். வீட்டில் என்னைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லித் தோட்ட ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தாள். அதனால் அண்ணனின் கைப்பேசியை எடுத்து, பலகையில் இருந்தபடியே பெயரைத் தட்டினேன். அடேயப்பா! எழுநூறு வருஷத்துக் கல் தேவாலயம், மாவரைக்கும் ஆலை, ஓடை, மேய்ச்சல் நிலம். வெள்ளைக்காரன் காலத்தில் நம் தோட்டம் இப்படித்தான் இருந்திருக்கிறது என்று பூரித்துப்போய், கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்ததை ஆறு பக்கம் அழகாக எழுதினேன்.

மாலையில் உரம் போட்டுவிட்டு வந்த அம்மாவை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். சனவரியில் இங்கே பனி கொட்டும், ஆடுகளைக் கொட்டகையில் அடைப்பார்கள் என்ற இடம் வந்ததும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏய் மண்டு, அது இங்கிலாந்துல இருக்கற கம்பம் லா! எவனோ தொரை அவன் ஊரு பேர இங்க வெச்சிட்டுப் போயிருக்கான்."

மானம் போய்விட்டது. தாள்களைக் கிழிக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி. அந்த ஊரு இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. அதே பழைய வீட்டுலதான் இருக்காங்களாம்" என்றேன்.

"அவங்கள யாரும் போகச் சொல்லலியா?"

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டான். நான் மட்டும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் போடலம்மா" என்று பொறுப்பாகப் பதில் சொன்னேன்.

அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "புதுத் தாள் எடு. நான் சொல்றத எழுது."

தன் தாத்தா எந்த வீட்டில் குடியேறினார், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டவர்கள் யார் யார், கோவிலுக்கு மண் சுமந்தவர்கள் யார், வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது, எதையும் விடவில்லை. பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. எனக்குக் கை வலித்தது. ஆனாலும் அம்மாவை அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

டீச்சர் முதல் பக்கத்தில் தங்க நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, சாமி படத்துக்குப் பின்னாலிருந்த கடிதத்தையும் அந்தத் தாள்களையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மேனேஜரைப் பார்க்கக் கிளம்பினாள். மகளின் பெருமையைச் சொல்ல ஆபீஸ் வரைக்கும் போகிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, மொதப் பக்கத்தக் காட்டும்மா, ஸ்டார் அங்கதான் இருக்கு!"

அம்மா திரும்பிப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள்.