அண்ணி வாய் வைத்துக் குடித்த சொம்பு

என்னிடம் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. அடிப்பக்கம் ஒரு இடத்தில் நசுங்கியிருக்கும். போன மாதம் மருமகள் பழைய பாத்திரங்களைக் கடையில் போட எடுத்து வைத்தபோது இதையும் சேர்த்துவிட்டாள். நான் பேசாமல் போய் எடுத்து வந்து கட்டிலடியில் வைத்துக்கொண்டேன். காரணம் கேட்டாள். சொல்லக் கூச்சமாக இருந்தது. வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது என் கணவரின் அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்த சொம்பு. அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டி எங்கள் வீடு. கணவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. புருஷனை இழந்து தம்பியோடு வந்துவிட்ட அண்ணி, அங்கேயே ஆவாரம்பட்டை இடிக்கப் போவார். வீட்டில் அவர் சொன்னதுதான் நடக்கும். பதினாறு வயதில் எனக்கு முதல் பிரசவம். மூன்று நாள் வலி. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று கணவர் இரண்டு முறை சொன்னார். மருத்துவச்சி போதும் என்று தடுத்தவர் அண்ணி. குழந்தை செத்தே பிறந்தது. ஒரு வாரம் கழித்து, என்னைக் கேட்காமலே சிறுநீர் ஒழுகத் தொடங்கியது. நடந்தாலும் ஒழுகும், படுத்தாலும் ஒழுகும். தொடையெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. ஊரே தோல் நாற்றம் அடிக்கும். அதற்குள்ளும் என் நாற்றத்தைத் தனியாகப் பிரித்துக் கண்டுபிடிக்க எல்லார் மூக்குக்கும் தெரிந்திருந்தது.

அண்ணி என் பாயை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினார். தட்டும் இந்தச் சொம்பும் எனக்கென்று தனியாயின. முந்தானையால் சொம்பின் கழுத்தைப் பிடித்துக் கொண்டுவந்து, வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார். தண்ணீரைக் குறைத்தால் ஒழுகுவதும் குறைகிறது என்று நானாகக் கண்டுபிடித்தேன். ஒரு நாளைக்கு நாலு வாய், அவ்வளவுதான். மீதியை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவேன்.

ஒருநாள் கொட்டகைத் தட்டிக்கு அந்தப் பக்கம், ஒடுகத்தூரிலிருந்து வந்த உறவுக்காரம்மாவிடம் அண்ணி பேசுவது கேட்டது.

“பொண்ணுக்கு இன்னா வயசு? வேலவெட்டி செய்யுமா?”

“உன் தம்பிக்குதான் பொண்டாட்டி கீறாளே.”

“கீறா, கீறா. எத்தினி நாளைக்குன்னு யாருக்குத் தெரியும்?”

அந்த வாரமே அண்ணி கொட்டகை வாசலில் வந்து நின்று, “கெளம்புமே, வேலூர் ஆஸ்பத்திரிக்கு” என்றார். உயிர் போகிற நேரத்தில் தடுத்தவருக்கு இப்போது என்ன அக்கறை? ரயிலில் காட்பாடி வரைக்கும் கோணியை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி என் சொம்பைப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார். அதில் இருந்தது இங்கிலீஷ். என் நாலாம் வகுப்பு அதற்குப் போதவில்லை. என்னைத் தள்ளிவைக்கத்தான் எழுதிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். அது ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த மூன்று நாள் வலியில் உள்ளே விழுந்த ஓட்டையைத் தைத்திருப்பதாக வெள்ளைக்கார டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். ரப்பர் குழாய் ஒன்று என்னிடமிருந்து கட்டிலடியில் இருந்த பாட்டிலுக்குப் போயிற்று. அசையக்கூடாது. நர்ஸம்மா அண்ணியை வெளியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அண்ணி உள்ளே வந்து, “பத்து சொம்பு தண்ணி குடிக்கணுமாம்” என்றார்.

 தண்ணீர் போனால் ஒழுகும், ஒழுகினால் தையல் விட்டுப்போகும், பிறகு ஒடுகத்தூர்ப் பெண் வருவாள். கணக்கு சரியாக இருந்தது. அண்ணி அந்தப் பக்கம் போனதும், வாய் கொப்புளிக்க வைத்திருந்த பேசினில் சொம்பைக் கவிழ்த்துவிடுவேன்.

நாலாம் நாள் குழாயில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகி, விரிப்பு நனைந்தது. நர்ஸம்மா ஓடிவந்து குழாய்க்குள் மருந்துத் தண்ணீரை அடித்து, அடைத்திருந்த கட்டியை எடுத்தார். “தண்ணி கம்மியாப் போனாத்தான் இப்பிடி ஆவும். இன்னொரு வாட்டி அடச்சா தையல் நிக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி குனிந்து பேசினைப் பார்த்தார். “ஏம்மே, வாய் கொப்புளிச்ச தண்ணி இவ்ளோ தெளிவாவா இருக்கும்?”

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

“இன்னா, வெசம் கலந்துட்டேன்னு நெனச்சியா?”

அவரிடம் அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று வந்துவிட்டது. “தையல் பிரியட்டும்னுதான் ஊத்துறீங்க அண்ணி. ஒடுகத்தூர்ப் பொண்ணக் கட்டி வைக்கணும் உங்களுக்கு.”

கையிலிருந்த சொம்பைக் கட்டிலின் இரும்புக் காலில் ஓங்கி இடித்தார். அந்த நசுங்கல்தான் இது. பிறகு பானையிலிருந்து மொண்டு, முந்தானையால் தொட்டுக்கொண்டிருந்த அதே சொம்பில் வாய் வைத்து, தொண்டை ஏறி இறங்கப் பாதியைக் குடித்தார். “இந்தா. மிச்சம் உன்னுது.”

குடித்தேன். நம்பிக் குடித்தேன் என்று சொல்ல மாட்டேன். அவர் நர்ஸம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சொம்பையும் முதலில் அவர் வாய் வைத்துக் குடித்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார்.

குழாயை எடுத்த மறுநாள் காலை, அண்ணி என் அடியில் கையை விட்டு விரிப்பைத் தடவினார். அந்தக் கையை மோந்து பார்த்தார். “காஞ்சிகீதுமே” என்றார், இன்னொரு தடவை தடவினார்.

வீட்டுக்குள் என் பாய் திரும்பி வந்தது. உடம்பு ஆறினாலும் மனசு ஆறவில்லை. யார் வீட்டுப் பாயிலும் பல வருஷம் உட்கார மாட்டேன். இன்றைக்கும் எழுந்தால் உட்கார்ந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். அடுத்த பிரசவத்துக்கு, வலி வருவதற்கு முன்பே என்னை வேலூருக்குக் கொண்டுபோனவர் அண்ணிதான். ஆபரேஷன் செய்துதான் மகனை எடுத்தார்கள்.

அண்ணி கடைசியாகப் படுத்திருந்தபோது, மனசை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டேன். அவர் மறைக்கவில்லை. “பொண்ணு பாத்தேன்தான். நீ பொழைக்காமப் போயிருந்தா எந்தம்பிக்கு யாரு சோறாக்குறது? அதுக்குன்னு உன்னச் சாவ உட்டுடுவேனா? ரெண்டும்தான் நெனச்சேன்.”

“அந்த மூணு நாளு ஏன் அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போவ உடல?”

 சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பாமலே, “தண்ணி குடிச்சியா?” என்று கேட்டார்.

அந்தச் சொம்பில்தான் இப்போதும் குடிக்கிறேன். குடிப்பதற்கு முன் உள்ளே ஒருமுறை பார்க்கிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை. பார்த்துவிட்டு, வாய் வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்கிறேன்.