மூன்றாவது இழுப்பு

அவர் திரைப்படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகள் மட்டுமே எழுதியவர். கதையை வேறொருவர் முடித்த பிறகு இடையிடையே சிரிப்பைச் செருகுவது அவர் வேலை. தனிக்கட்டையான அவர் அக்காவின் வீட்டு மாடியில் குடியிருந்தார். அந்த வீட்டில் ஒருமுறை திருடன் புகுந்தான். அதிலிருந்து அக்கா வெளியே கிளம்பும்போதெல்லாம் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள்.

ஒரு படத்துக்குக் காட்சி எதுவும் சிக்காமல் மண்டையை உடைத்துக்கொண்டவர், கடைசியில் அதையே எழுதிக் கொடுத்தார். இரண்டு முறை பொறுத்திருக்கும் கூட்டம் மூன்றாவதில் சிரிக்கும் என்பது தொழில் கணக்கு. படம் வெளியான அன்று, திரையில் மூன்றாவது இழுப்பில் பூட்டு நடிகரின் கையோடு வந்தது. அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது. அக்கா பக்கத்து இருக்கையில் இருந்தாள். அவர் தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏண்டா தம்பி, நான் பூட்டுறது அவ்வளவு சிரிப்பாவா இருக்கு?"

"வேற எதுவும் தோணலக்கா."

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஊரே சிரிக்குதே."

மறுநாள் காலை அக்கா கதவைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்க்கக் கையை நீட்டினாள். மாடிப்படியில் தம்பி நிற்பதைக் கண்டதும் கையை மடக்கிக்கொண்டு நடந்தாள். தெருமுனையை அடைவதற்குள் இருமுறை திரும்பிப் பார்த்தாள். கூனிக் குறுகிப்போனவர், அவள் மறைந்ததும் இறங்கி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

அதன்பின் பதினான்கு ஆண்டுகள், அவர் எதிரில் அவள் பூட்டை இழுத்துப் பார்த்ததே இல்லை.