ஒரு ‘யெஸ்’ செய்த வேலை

கனடாவில் ஒருவரிடம் “சாப்பிடவில்லையா?” என்று கேட்டால், சாப்பிடாதவர் “நோ” என்கிறார். நாமென்றால் “ஓம், சாப்பிடேல்லை” என்போம். ஸ்காபரோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் என் வாய் இதற்குப் பழகவில்லை. அதனால்தான் போன குளிர்காலத்தில் வேலையிழந்தோர் உதவிப்பணம் எனக்கு மறுக்கப்பட்டது.

நானும் ஷெரிலும் ஒரே பேக்கரியில் பாண் பொதி செய்தோம். பேக்கரி பிக்கரிங் நகருக்கு அப்பால் இடம் மாறியது. விடிகாலை ஷிஃப்டுக்கு அங்கே போக பஸ் இல்லை. அவளிடம் கார் இல்லை. எங்கள் காரை என் கணவர் டாக்ஸியாக ஓட்டுகிறார். சேர்ந்தே வேலையை விட்டோம், சேர்ந்தே விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது. நான் தகுந்த காரணமில்லாமல் வேலையை விட்டதாகச் சொல்லி எனக்கு இல்லையென்றார்கள்.

இங்கே பிறந்தவள் என்பதால்தான் அவளுக்குக் கிடைத்தது என்று நினைத்தேன். அவள் எனக்குப் போன் எடுத்தால் பேச்சைச் சுருக்கினேன். பிளாசாவில் அவளைக் காலில் புதுச் சப்பாத்தோடு கண்டபோது, என் பணத்தில் வாங்கியதுபோல வயிறெரிந்தது. அன்று அவள் விடவில்லை. அதிகாரி போனில் என்ன கேட்டார் என்று விசாரித்தாள். வேலைக்குப் போக வேறு வழி இருக்கவில்லையா என்று கேட்டார், நான் “யெஸ்” சொன்னேன் என்றேன். ஷெரில் நெற்றியில் கைவைத்தாள். வழி இருந்தது என்றல்லவா அவர் விளங்கியிருப்பார் என்றாள். முப்பது நாளுக்குள் மறுபரிசீலனை கேள், வேறொரு அதிகாரி பார்ப்பார், அவரும் மறுத்தால் தீர்ப்பாயம் இருக்கிறது என்றாள். அளவு சரியில்லாத சப்பாத்தைக் கடையில் மாற்றச் சொல்வதுபோலச் சொன்னாள். பணத்தைவிட அந்தச் சுளுவு என்னை அதிகம் எரித்தது.

“கவுண்மேந்து ஒருக்கா இல்லையெண்டா இல்லைதான். ஏன் வீண் சண்டைக்குப் போறீர்?” என்றார் கணவர். அவரைக் குறைசொல்ல முடியாது; நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஊரில் போரால் இடம்பெயர்ந்திருந்தபோது நிவாரணப் பட்டியலில் எங்கள் குடும்பம் விடுபட்டிருந்தது. ஏனென்று கேட்ட அப்பாவை, கிராம அதிகாரியான விதானையார் நாள்முழுக்க வெயிலில் நிற்க வைத்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை.

ஆனாலும் மறுபரிசீலனைக்கு எழுதினேன். துணிவினால் அல்ல; அவளுக்குக் கிடைத்தது எனக்கேன் கிடைக்கக்கூடாது என்ற எரிச்சலினால். புதிய அதிகாரி, ஒரு பெண், அதே கேள்வியைக் கேட்டார். “நோ,” என்றேன். “பஸ்ஸும் இல்லை, காரும் இல்லை.” ஏன் முதலில் யெஸ் என்றேன் என்பதையும் தட்டுத்தடுமாறி விளக்கினேன். முடிவை மாற்றினார்கள்.

பஸ் தரிப்பிடத்தில் ஷெரிலிடம் சொன்னேன். அந்த அதிகாரிகள் எவ்வளவு நல்ல மனுசர் என்று நான் தொடங்குமுன்பே, இதை முதலே சரியாகக் கேட்டிருக்க வேண்டாமா என்று அவள் அவர்களைத் திட்டத் தொடங்கினாள். அவளுடைய இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன. என் கைகளோ, யாரோ அதிகாரி முன்னால் நிற்பதுபோல நெஞ்சருகே கட்டியபடி இருந்தன. மெல்ல ஒன்றை எடுத்து என் கோட்டுப் பைக்குள் விட்டேன். மற்றது இறங்கவில்லை.