ஒற்றைக்கால் சாம்பிள்

ஆலங்காயத்திலிருந்து ஆம்பூர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸின் நடுவில், ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் என் செல்போனைத் தூக்கிக் காட்டியபடி அவள் நின்ற காலைப்பொழுது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மணி ஏழுகூட ஆகியிருக்காது. பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "ஏய், எழுந்திருங்கடி! இவ சினிமா எடுத்துக்கீறா. பார்த்துட்டுத் தூங்குங்க" என்று கத்தினாள். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவள் என் பக்கத்து மெஷின்காரி. ஷூவின் மேல்பாகம் தைக்கும் வரிசையில் ஒன்பது வருடம் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்து சீட்டுதான். நான் எதற்கும் பயப்படுகிறவள். ஊசி உடைந்தால் வேலை போய்விடுமோ என்று பயப்படுவேன். ஒரு வாரம் ஊசி உடையாமல் போனால், பெரிதாக வேறு எதுவோ உடையப் போகிறது என்று பயப்படுவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட இப்படிப்பட்டவளுக்குப் படம் எடுக்கிற ஆசை எப்படி வந்ததோ, எனக்கே தெரியாது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. கம்பெனி பஸ்ஸில் ஒரு ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பெண்கள் ஒரு வருடம் பேசாமல் இருக்கிறார்கள். எங்கள் பஸ்ஸில் எந்தச் சீட்டிலும் பெயர் எழுதியிருக்காது. ஆனாலும் ஒவ்வொரு சீட்டும் ஒருத்தியுடையது. இதெல்லாம் யாருக்காவது தெரிய வேண்டாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

கேமராவும் நல்ல மைக்கும் வாடகைக்கு எடுக்க என்னிடம் வழியில்லை. ஊர் கூடிப் பணம் போட்டுப் படம் எடுக்க உதவும் இணையப் பக்கம் ஒன்றில் என் கதையைப் பதிந்தேன். படிப்பு என்ன என்று கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்ட தொகை நாற்பது நாளுக்குள் முழுதாகச் சேர வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் கொடுத்தவர்களுக்கே எல்லாம் திரும்பிப் போய்விடும். படமும் அத்தோடு போச்சு. இருபது நாளில் முகம் தெரியாத நாலு பேர் கொடுத்திருந்தார்கள்.

"இன்னாடி எழுதி வெச்சுக்கீற? 'சமூக யதார்த்தத்தைப் பதிவு செய்யும் எளிய முயற்சி'யா? எவ காசு குடுப்பா இதுக்கு?" என்றாள் அவள். "சாம்பிள் காட்டாம எந்த பையராவது ஆர்டர் குடுத்துக்கீறானா?"

எங்கள் தொழிலில் அதுதான் முறை. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவருக்கு முதலில் ஒரே ஒரு ஷூ தைத்து அனுப்புவார்கள். ஜோடி கிடையாது, ஒற்றைக்கால். அது பிடித்தால்தான் ஆர்டர். சரியென்று ஓடுகிற பஸ்ஸில் செல்போனிலேயே ஒரு நிமிடம் எடுத்தோம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள் ஜன்னலோரம் உட்காருகிறாள். சீட்டுக்காரி படியேறி வருகிறாள், வாய்ச்சண்டை நடக்கிறது, சீட்டுக்காரி கையை ஓங்குகிறாள். அங்கேயே நிறுத்திவிட்டேன். சீட்டுக்காரியாக நடித்தவள் அவளேதான். போட்டுப் பார்த்தால் இன்ஜின் இரைச்சலைத் தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் அன்றைக்குப் படத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, இரண்டு பேர் குரலிலும் அவளே பேசினாள்.

"இது என் சீட்டு."

"பேரு எழுதிக்கீதா?"

"எழுதல. ஒம்போது வருசமா உக்காந்து உக்காந்து தேய்ச்சு வெச்சுக்கீறேன். பாரு, ரெக்சின் எப்பிடி பளபளன்னு கீது!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. படம் நின்றதும் பின்னாலிருந்து ஒரு குரல், "அப்புறம் இன்னாச்சு? அடிச்சாளா?"

"அது மத்த கால். காசு போட்டாத்தான் வரும்" என்றாள்.

ஆம்பூர் வருவதற்குள் பதினோரு பேர் போட்டார்கள். மறுநாளிலிருந்து எனக்குப் புதிய பேஜார் ஆரம்பித்தது. சாம்பிளுக்குச் சரி சொல்கிற பையர், பக்கிளை மாற்று, கலரைக் கம்மி பண்ணு என்று திருத்தம் அனுப்புவார் அல்லவா? காசு போட்ட ஒவ்வொருத்தியும் அதே உரிமையோடு வந்தாள். புதுப்பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். பஸ்ஸைக் கழுவிவிட்டு எடுக்க வேண்டும். சீட்டுக்காரி அடிக்கக் கூடாது, அவளுக்கும் பொண்ணு இருக்கு. எல்லோரையும் திருப்திப்படுத்தாவிட்டால் ஏமாற்றுக்காரி ஆகிவிடுவேனோ என்று பயந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மெஷின்காரி நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "எல்லாத்தையும் சேர்த்தின்னா அது ஷூவா இருக்காது, மூட்டையாத்தான் இருக்கும்."

ஆனால் ஒரு திருத்தத்தை அவளே ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசி சீட்டில், யாரோடும் பேசாமல் வருகிற, பசை தடவும் பிரிவு அக்கா சொன்னது அது. "அவ்ளோ சண்டை போட்டவ ஒரு நாளு வரலன்னு வெச்சுக்கோ. மத்தவ அந்தச் சீட்டுல உக்கார மாட்டா. பையை வெச்சு இடம் புடிச்சுக்கினு வருவா." ஒரு மாதமாக எனக்குக் கிடைக்காத முடிவு அது. அவள் அதை மட்டும் வட்டமிட்டு நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசிப் பத்து நாள். தொகை பாதியைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பஸ்ஸில் போடக்கூடியவர்கள் எல்லோரும் போட்டாயிற்று. அப்போது பார்த்து அவள் சாயங்கால பஸ்ஸில் என்னோடு வருவதை நிறுத்தினாள். கேட்டால், "வேலை கீது" என்பாள். அவ்வளவுதான். தோற்கப் போகிறவளோடு சேர்ந்து தானும் கேலிக்கு ஆளாவானேன் என்று விலகிவிட்டாள் என்றே நம்பினேன். அவள் சீட்டில் யாராவது உட்கார வந்தால் மட்டும், "ஆள் வருது" என்று பொய் சொல்லி அனுப்பிவிடுவேன்.

நாற்பதாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கெடு. வேலைக்குப் போகும்போது செல்போனை கேட்டில் கொடுத்துவிட வேண்டும். ஐந்தரைக்கு அதைத் திரும்ப வாங்கியவள் திறந்து பார்க்கப் பயந்து கையிலேயே வைத்திருந்தேன். பின்னாலேயே வந்த பக்கத்து மெஷின்காரி அதைப் பிடுங்கித் திறந்து, என் மூக்குக்கு நேராக நீட்டினாள். முழுத்தொகையும் சேர்ந்து, மேலேயும் கொஞ்சம் இருந்தது. கீழே எனக்குத் தெரியாத பெண்களின் பெயர்கள் வரிசையாக ஓடின.

"யாருடி இவங்க எல்லாம்?"

"நம்ம கம்பெனி பேரணாம்பட்டு பஸ்ஸு. அணைக்கட்டு பஸ்ஸு. தெனம் ஒண்ணுல ஏறிக்கினு போனேன். என் டப்பா போனுல உன் படம் ஓடல. ரெண்டு பேரா நானே நடிச்சேன். திரும்பி டவுன் பஸ் புடிச்சு வீட்டுக்குப் போறதுக்குள்ள எங்க ஊட்டுக்காரர் சோறு வடிக்கக் கத்துக்கினாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ அதுக்கும் பயப்படுவ."

இன்று அவள் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனியில் இருக்கிறாள். படத்தை அங்கங்கே திரையிடுகிறார்கள். எங்கே படித்தீர்கள் என்று மேடையில் கேட்கிறார்கள். ஆலங்காயம் பஸ்ஸில் என்கிறேன். படத்தின் முடிவில் பெயர்கள் ஓட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நூறு போட்டவளுக்கும் ஆயிரம் போட்டவளுக்கும் ஒரே அளவு எழுத்து. ஐந்து செல்விகள் இருந்ததால் ஜிக்ஜாக் மெஷின் செல்வி, பேஸ்டிங் செல்வி என்று கம்பெனியில் கூப்பிடுகிறபடியே போட்டோம். அந்தப் பெயர் வரிசையைச் சுருக்கச் சொல்லித் திரையிடுகிறவர் ஒருவர் கேட்டார். என் வாழ்க்கையில் முடியாது என்று தயங்காமல் சொன்னது அப்போதுதான்.

ஆனால் எனக்குப் பெருமை என்று மனதில் நிற்பது இதெல்லாம் இல்லை. படப்பிடிப்பின் முதல் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி வளாகத்தில் பஸ் இன்ஜின் அணைக்கப்பட்டு நின்றிருந்தது. அவள் ஜாக்கெட்டில் மைக்கைக் குத்திவிட்டு, பத்தடி தள்ளி வந்து ஹெட்போனை மாட்டினேன். ஒன்பது வருடமாக மெஷின் சத்தத்துக்கும் பஸ் சத்தத்துக்கும் நடுவில்தான் அவள் குரலைக் கேட்டிருக்கிறேன். இப்போது அவள் மூச்சு என் காதுக்குள் கேட்டது. வேகவேகமாக இரைத்தது. தனக்குள் முணுமுணுத்தாள். "இன்னா சொல்லணும், மறந்துட்டேனே... ஐயோ, எல்லாம் மறந்துட்டேனே..."

அத்தனை பஸ்ஸில் ஏறி நின்று ஒற்றை ஆளாக நடித்தவள். அவளுக்குப் பயமே கிடையாது என்று நான் நினைத்திருந்தேன்.

கேமராவைத் தாண்டி அவளைப் பார்த்துச் சொன்னேன்: "மறந்தா மறக்கட்டும்டி. நீ ஏறி வா. நான் கேட்டுக்கினு கீறேன்."

என் குரல் நடுங்கவில்லை.