சம்பந்தியம்மாளின் முனகல்

உட்காரும்போது ஒரு "அம்மாடி", எழும்போது ஒரு "அப்பாடி", தேநீர் வர நேரமானால் இரண்டும் சேர்த்து. என் சம்பந்தியம்மாளின் முனகலைக் கேட்டே, என்ன வேண்டுமென்று தெரிந்துகொண்டு என் மகள் ஓடுவாள். அவர் வேலை பார்த்த துணிக்கடையில் உட்கார விடாமல் நிற்கவைத்தே வேலை வாங்கியதில் தேய்ந்த முழங்கால் அது. வலி பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு முழங்காலை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே ஆண்டார் என்பதும் பொய்யில்லை. மருமகளைப் பெற்றவள் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும்.

அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் மகள் அச்சக வேலைக்கு விடுப்புப் போட்டாள். விடுப்பு நீண்டுகொண்டே போனது. முழங்காலை மாற்றினால் மாமியார் நடப்பார், மருமகள் வேலைக்குப் போவாள் என்று, அந்த அறுவை சிகிச்சைக்கு அவரைவிட நான்தான் அவசரப்பட்டேன்.

அறுவை முடிந்த அன்று, மயக்க மருந்து டாக்டர் தொடையில் நரம்பைப் பார்த்து ஊசி போட்டிருந்தார். கால் அசையும், வலி மட்டும் ஒரு நாளைக்குத் தெரியாது. அதற்குள் இறங்கி நடந்து பழக வேண்டும். நல்ல ஏற்பாடு. சம்பந்திக்குத்தான் பிடிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி இத்தனை சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள், சொல்லிக்கொள்ள ஒரு வலி இல்லை. முகத்தில் எதையோ பறிகொடுத்த களை.

நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் வந்து, கட்டுப்போட்ட காலின் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"அம்மாடீ, உயிர் போகுதே."

"நான் இன்னும் தொடவே இல்லையேம்மா."

"தொடப் போறேல்ல?"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

"சிரிக்காதீங்க சம்பந்தி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

"இன்னிக்கு வலி வந்தாலும் உங்களுக்கே தெரியாதாமே சம்பந்தி, டாக்டர் சொன்னாரு."

அந்தக் கோபத்தில் அன்று முழுக்கக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. வலியில்லாமல் கிடைத்த ஒரு நாளையும் படுத்தே தீர்த்தார்.

மறுநாள் நடைப்பயிற்சிப் பெண் வாக்கரோடு வந்து நின்றபோது ஊசியின் வேகம் அடங்கிவிட்டது. மாத்திரை கொடுத்திருந்தும் சம்பந்தியின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. அந்த நேரம் பார்த்து அச்சகத்திலிருந்து போன். மகள் ஜன்னலோரம் போய் மெல்லத்தான் பேசினாள்.

"இல்ல சார், அத்தையால நடக்க முடியல. திங்கக்கிழமை வர முடியாது. நீங்க வேற ஆளையே போட்டுக்குங்க."

நான் சம்பந்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முனகுவதற்கு இதைவிடத் தோதான நேரம் வராது. ஒரே ஒரு "அம்மாடி" போதும், மருமகள் காலத்துக்கும் வீட்டோடு.

வாய் திறக்கவில்லை. நடைப்பயிற்சிப் பெண்ணுக்குச் சைகை காட்டி வாக்கரை அருகில் இழுத்து, அதைப் பிடித்து எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வலி எங்கே இருக்கிறதென்று பார்த்த எனக்கே தெரிந்தது. ஒரு சத்தம் இல்லை. ஜன்னல்வரை நடந்துபோய், மகளின் காதிலிருந்த போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"மாமியார் பேசறேன். திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும் அவ?"

கேட்டுக்கொண்டே, தாங்கிப் பிடிக்க நீண்ட என் மகளின் கையைத் தட்டிவிட்டார்.