தாமதமாக உயர்ந்த மஞ்சள் கொடி

எங்கள் குடும்பத்துக்குக் கள்ளக்குறிச்சி கடைவீதியில் செருப்புக்கடை. வருடத்தில் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பஸ் ஏறிவிடுவேன். அங்கே கார் பந்தய மைதானத்தில் கொடி காட்டுகிற வேலை. சம்பளம் கிடையாது. மதியம் ஒரு பிரியாணிப் பொட்டலம், தலைக்கு ஒரு தொப்பி, கையில் கட்டிக்கொள்ள ஒரு ஆரஞ்சுப் பட்டை, அவ்வளவுதான். சென்னையில் கல்லூரியில் படித்தபோது ஒரு நண்பன் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டான். அவன் ஒரே வருடத்தில் நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை.

நான் ரேசுக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டு அத்தா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. குதிரைமேல் பணம் கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். கடைசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஒரே ஒரு ஆள் மட்டும் படுத்தவாக்கில் உட்காரக்கூடிய வண்டி. வெகுநேரம் பார்த்தார்.

“இன்னாடா இது, மட்கார்டுகூட இல்ல. மழை வந்தா சேறு மொத்தமும் மூஞ்சிலதான அடிக்கும்?”

அதற்குப் பிறகு அவர் தடை சொல்லவில்லை.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணம் வேகம் இல்லை. யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்பதுதான். கடையில் பொழுதுக்கும் யாரையாவது தாஜா செய்துகொண்டிருக்க வேண்டும். ஏழாம் நம்பர் கால்காரருக்கு ஆறாம் நம்பர்தான் பிடித்திருக்கிறது என்றால் அதற்கும் ஆமாம் போட வேண்டும். மைதானத்தில் அதெல்லாம் இல்லை. கொடிக்காரன் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, யார் பக்கமும் சாயக் கூடாது. எனக்கு அது பெரிய ஓய்வாக இருந்தது.

ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் இரண்டு பேர் முதுகோடு முதுகாக நிற்போம். ஒருவர் வருகிற வண்டிகளைப் பார்ப்பார். இன்னொருவர் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே இருக்கும் வளைவைப் பார்ப்பார். வளைவில் ஏதாவது வண்டி சுழன்று நின்றுவிட்டால் இந்த இரண்டாமவர் உடனே மஞ்சள் கொடியைத் தூக்க வேண்டும். கொடி உயர்ந்த இடத்திலிருந்து யாரும் யாரையும் முந்தக் கூடாது. நான் அந்த மஞ்சள் கொடிக்காரன். முதுகுக்குப் பின்னால் எவ்வளவு சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை என்று எனக்குள் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த வருடத்தின் முதல் பந்தயம். ஆனி மாத வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. டீக்கடையில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். பந்தய உடுப்பு, இடுப்பு வரை கழற்றிவிட்டிருந்தான்.

“இன்னா பாய், கள்ளக்குறிச்சியா நீங்க?”

என் பேச்சை வைத்தே பிடித்துவிட்டான். அவன் கச்சிராயபாளையம். வீட்டில் கரும்பு விவசாயம். சென்னையில் எஞ்சினியரிங் படிக்க வந்தவன், படித்து முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பாமல் ஒரு டீமில் மெக்கானிக்காக ஒட்டிக்கொண்டு, இரண்டு வருடம் காத்திருந்து வண்டி ஓட்டும் இடத்துக்கு வந்திருந்தான்.

“இந்த ஒரு ரேஸ்தான் பாய் குட்த்துருக்காங்க. மூணாவதுக்குள்ள வந்தா வருசம் பூரா வண்டி எனக்கு. வரலன்னா சீட்டு வேற ஆளுக்குப் போய்டும். வூட்ல அப்பாவும் இதோட வந்துருன்னு சொல்லிட்டாரு.”

நல்லபடியா ஓட்டு என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் ஒரு கொடிக்காரன் சொல்லக் கூடாது. ஆனால் டீக்குக் காசு கொடுக்கும்போதே அவன் வண்டி எண்ணை மனப்பாடம் செய்துவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என்னோடு அன்று முதுகுக்கு முதுகாக நின்றவர் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். வாக்கி டாக்கி அவரிடம் இருந்தது. வண்டிகள் எங்களைக் கடந்து வளைவுக்குள் நுழையும்போதுதான் நான் அவற்றைப் பார்ப்பேன். கச்சிராயபாளையத்துப் பையன் ஐந்தாவதாக வந்தான். கொஞ்ச நேரத்தில் நான்காவதாக வந்தான். அவனுக்கும் மூன்றாவது வண்டிக்கும் நடுவே இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் கம்மியாகிக்கொண்டே வந்தது.

முடிய இரண்டு சுற்று இருந்தது. முதுகுக்குப் பின்னால் இரண்டு எஞ்சின்கள் ஒன்றாகக் கத்திக்கொண்டு வந்தன. இவன்தான் என்று தெரிந்துவிட்டது. திரும்பினேன்.

எவ்வளவு அழகாக ஓட்டினான்! மற்றவன் பிரேக் போட்ட இடத்தில் இவன் போடவில்லை. உள்பக்கமாக நுழைந்து, சக்கரத்தோடு சக்கரம் உரசாமல், என் கண் முன்னால் முந்தினான். பிறகு வளைவைப் பார்த்தேன். முன்னால் போன ஒரு வண்டி சுழன்று, பாதை ஓரத்தில் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அதற்குள் ஆள் இருந்தார். கொடியைத் தூக்கினேன். மூன்று நொடி இருக்கும், நான் தாமதம். பையன் நல்லவேளையாக விலகிப் போனான், யாருக்கும் அடி இல்லை. ஆனால் நான் கொடியைத் தூக்கியபோது அவன் முந்தி முடித்திருந்தான்.

மூன்றாவதாக வந்து முடித்தான். உடனே, முந்தப்பட்ட ஓட்டுநர் புகார் கொடுத்தார்: மஞ்சள் கொடிக்குக் கீழே முந்திவிட்டான் என்று. அந்த வளைவில் கேமரா கிடையாது. விசாரணை அறையிலிருந்து வாக்கி டாக்கியில் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லேத்காரர் சொல்லிவிட்டார்: “கொடி முன்னாடியே வெளியதான் சார் இருந்துச்சு.”

அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர். கேட்டேன்.

“நீ லேட்டுன்னு சொன்னா கைப்பட்டையைக் கழட்டிக்கினு அனுப்பிடுவானுங்க பாய். அஞ்சு வருசமா வர்ற, வுடு.”

நல்ல மனுஷன். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

விசாரணை அறைக்குப் போனேன். மூன்று அதிகாரிகள், ஒரு மின்விசிறி. திரும்பிப் பார்த்துவிட்டேன், கொடி தாமதம், அவன் முந்தியபோது கொடி இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். நடுவில் இருந்தவர் என் பெயர்ச்சீட்டைப் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“கள்ளக்குறிச்சிங்க.”

“பையன்?”

“கச்சிராயபாளையம்.”

“அது எங்க இருக்கு?”

“எங்க ஊருக்குப் பக்கத்துலதாங்க.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கோபம்கூட இல்லை. “ஊர்ப் பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக உங்க வேலையையே பணயம் வைக்கலாமா?” என்றார் ஒருவர். லேத்காரர் சொன்னதையே எடுத்துக்கொண்டார்கள். நான் மறுபடியும் சொன்னேன். போய் டீ சாப்பிடுங்கள் என்றார்கள். ஐந்து வருடம் ஒழுங்காக வேலை செய்ததால் என் பேரில் நடவடிக்கை இல்லையாம். அவனை ஏழாவது இடத்துக்குத் தள்ளினார்கள். மாலை ஐந்து மணிக்குள் டீம்காரர் வேறு ஆளைப் பேசி முடித்துவிட்டார்.

தாம்பரத்தில் ஏறிய பஸ்ஸில் அவனும் இருந்தான். மடியில் ஹெல்மெட் பை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். உட்காரவே எனக்குக் கூசியது.

“எனக்காவ பொய் சொன்னீங்களாமே பாய். உங்ககூட நின்னவரு சொன்னாரு. சொந்தக்காரன்கூட இவ்ளோ செய்யமாட்டான்.”

“பொய் இல்லப்பா. கொடி நெஜமாவே லேட்டுதான். நான் திரும்பி உன்னையே பாத்துக்கினு இருந்துட்டேன்.”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தான்.

“என்கிட்டயும் அதே பொய்யா பாய்?” என்றான்.

கண்டக்டர் வந்தார். நான் பையைத் துழாவுவதற்குள் அவன், “கள்ளக்குறிச்சி ரெண்டு” என்றான்.