ஆறு பக்க மழை

பிராங்பேர்ட்டில் ஒரு ஜப்பானியச் சித்திரக்கதைக்காரியின் கண்காட்சி நடக்கிறது என்று மகள் சொன்னாள். அவளுக்கு மங்கா விசர். கூட்டிக்கொண்டு போனேன். சுவரில் ஓரிடத்தில் ஆறு சட்டங்கள் வெறுமையாகத் தொங்கின. கீழே சின்ன அட்டை: மூல ஓவியங்கள் ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டபோது தபாலில் தொலைந்தன. வாசித்ததும் எனக்கு உச்சந்தலை கொதித்தது. பச்சைப் பொய். தபால்காரன் பாவம், பத்திரமாகத்தான் கொண்டுவந்து தந்தான். மணி அடித்ததும் ஓடிப்போய் வாங்கியவளே நான்தான்.

அந்த வெள்ளைச் சாயத்தின் மணம் இப்போதும் மூக்கில் ஏறுகிறது. அப்போது ஸ்டுட்கார்ட்டில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தேன். பயிற்சி என்று பெயர், செய்த வேலை அழிப்பது. ஜப்பானியர் சத்தத்தையும் படமாகவே வரைவார்கள். கதவு அடித்தாலும் நாய் குரைத்தாலும் அந்தச் சத்தத்தின் எழுத்து படத்துக்குள்ளேயே கிடக்கும். அங்கிருந்து வரும் பிரதிகளில் அதை வெள்ளை பூசி மறைத்து, மேலே ஜேர்மன் எழுத்தைப் போடுவோம்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்றும் நடந்தது. அவர்களுடைய புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும். ஜேர்மன்காரருக்கு அது சரிவராது என்று முதலாளி தானே முடிவுகட்டி, எல்லாப் பக்கத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடச்சொன்னார். கதாநாயகி புத்தகம் முழுக்க இடது கையால் சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் இடது கை சோற்றுக்குள் போனால் அம்மா அகப்பைக் காம்பால் போடுவார். அப்படி வளர்ந்த நான்தான் ஊரார் வீட்டுப் பெண்ணை நூற்றெண்பது பக்கம் இடது கையால் தின்னவைத்தேன்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வரைந்த அம்மா கடிதம் எழுதினார். என் ஆட்களின் உடுப்பு மடிப்பு இடம்வலம் மாறிவிட்டது, எங்கள் நாட்டில் பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவோம், அடுத்த புத்தகத்தைத் தயவுசெய்து திருப்பாதீர்கள் என்று. அதோடு, மழை அச்சில் எப்படி விழவேண்டும் என்று காட்டுவதற்காக, அதன் ஆறு மூலப் பக்கங்களையும் நம்பி அனுப்பியிருந்தார்.

அவர் யார் என்பதைப் பிறகுதான் தேடித்தேடி வாசித்தேன். பத்து வருடம் இன்னொருவருடைய கதைகளுக்குப் பின்னால் கட்டடமும் மரமும் வரைந்து கொடுத்தவர். முப்பது தாண்டித்தான் சொந்தக் கதை. கிழமைக்கு இருபது பக்கம் வரைந்து மணிக்கட்டு போய்விட்டது. அதற்குப் பிறகு கோடுகளைக் குறைத்தார். வாசகர் ஓடிவிடுவார்கள் என்று பத்திரிகைக்காரர் பயந்தபோதும் பக்கத்தில் பாதியை வெள்ளையாகவே விட்டார். ஆளுக்கும் வீட்டுக்கும் பேனா, சத்தத்துக்கு மட்டும் தூரிகை. மழையைத் தனியாக வரையமாட்டார். மழைச் சத்தத்தின் எழுத்துகளே வானத்திலிருந்து சாய்ந்து விழும், அதுதான் மழை. அதை எடுத்துவிட்டால், ஒரு பெண் காரணமில்லாமல் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நான் அதைத்தான் எடுத்தேன். முதலாளி கடிதத்தைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, பக்கங்களை வழக்கமான கட்டோடு என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடதாசி தடிப்பாக இருந்தது எனக்குத் தெரியாமலில்லை. பணக்காரக் கம்பனி, பிரதியைக்கூட நல்ல கடதாசியில் எடுக்கிறார்கள் என்று மெச்சினேன், மடைச்சி. ஒரே நாளில் ஆறு பக்க மழையும் நின்றது.

மூலங்களை எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று ஜப்பானிலிருந்து கேட்டபோதுதான் விஷயம் வெளித்தது. முதலாளி அறைக் கதவைச் சாத்தினார். பொதி வந்துசேரவில்லை என்று எழுதப்போவதாகவும், பக்கங்களை நானே கிழித்துப் பழைய கடதாசித் தொட்டியில் போடவேண்டும் என்றும் சொன்னார். பொதிகட்டும் பகுதியில் வேலை செய்த வசந்தி அக்காவிடம் ஓடினேன். என்னை அங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான். நான் ஜப்பானுக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுதன். நாளைக்கே அவன் உன்னை நிப்பாட்டுவான். அவுஸ்பில்டுங் இல்லாட்டி விசா நீட்டமாட்டாங்கள். பிறகு கொம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கை போவாய்?"

"அந்த மனிசி எங்களுக்கு என்ன செய்தது அக்கா?"

"ஒண்டும் செய்யேல்லை. நீயும் இப்ப ஒண்டும் செய்யாதை."

கிழித்தேன். வசந்தி அக்கா மேல் கோபமில்லை, அவர் சொன்னது அப்படியே உண்மை. முதலாளி மேல் கோபம் உண்டு. மங்காவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த முன்னோடி என்று அந்த மனிதர் மேடைமேடையாகப் பேசித்திரிந்தார். ஆனால் விசா நீண்டு, ஜேர்மன் பாஸ்போர்ட்டும் கிடைத்து, எவரும் என்னை எங்கும் அனுப்பமுடியாது என்றான பிறகும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேனே, அந்த என்னை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. பதிப்பகம் இப்போது இல்லை. சத்தத்தை இப்போது எவரும் பூசி அழிப்பதுமில்லை. அந்த அம்மாவும் போன வருடம் போய்விட்டார்.

கண்காட்சியில் ஓவியங்களைப் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி நின்றாள். அவளிடம் போய், பொதி வந்ததையும் நான் வெள்ளை பூசியதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என்ன வெள்ளை பூசினீர்கள் என்று கேட்டாள். தண்ணீரில் கரைக்கும் சாதாரணச் சாயம் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த அம்மாவின் மை காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது, ஈரப் பஞ்சால் ஒற்றினால் வெள்ளை மட்டும் வந்துவிடும், பக்கத்துக்கு அரை நாள் போதும் என்றாள். பக்கங்கள் வீட்டிலா இருக்கின்றன என்று ஆவலோடு கேட்டாள். எட்டெட்டுத் துண்டாகக் கிழித்துத் தொட்டியில் போட்டேன் என்று, பக்கத்தில் நின்ற மகளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.